கூண்டு வராத கதவு

முப்பத்தோராவது மாடிக்கும் மேலே
லிஃப்ட் மோட்டார் அறையில்
கிரீஸ் நாற்றத்தோடு உட்கார்ந்திருக்கிறேன்.
கீழே லோயர் பரேல் மழையில் ஊறுகிறது.
ரிலே வாங்கப் போன காவ்டே
இன்னும் வரவில்லை.

கையில் போன்.
போனுக்குள் என் பனிக்கழுகு.

விளையாட்டில் தோள்மேல் உட்காரும்.
சிறகை விரித்தால்
திரையெல்லாம் வெள்ளை உதிரும்.
ஹார்பர் லோக்கலில் ஒரு கையால் தொங்கிக்கொண்டு
மறு கையால் ஆடி
பதினான்கு மாதத்தில் சம்பாதித்தது.
தின்னாது, எச்சமிடாது.
விலை மட்டும் நிஜம், பன்னிரண்டாயிரம்.
"இல்லாத பறவைக்கா இவ்வளவு?
அவனுங்களுக்குப் புத்தி வர்றதுக்குள்ள வித்துடு"
என்றாள் எஸ்தர்.

"அண்ணே, தமிழா?"
என்று வந்தான் கடலைமிட்டாய்.
அதுதான் அங்கே அவன் பெயர்,
பின்னால் இரண்டு ஏழு.
"சாப்டீங்களாண்ணே?"

மராத்தியில் திட்டு வாங்கி
இந்தியில் பேரம் பேசி
சொசைட்டி செக்ரட்டரியிடம்
ஆங்கிலத்தில் கையெழுத்துக்குக் கெஞ்சி
நாக்கு வறண்டவனிடம்
இப்படி ஒருவன் கேட்டால் என்ன ஆகும்?
ஆனது.

நான் பிறந்தது சயன் ஆஸ்பத்திரியில்.
கோவில்பட்டியைப் பார்த்தது
ரயில் ஜன்னல் வழியாக, மூன்று நிமிடம்.
இருந்தும் அவன் "நம்ம ஊரு" என்றபோது
எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.

பன்னிரண்டு சொன்னேன்.
பதினைந்து தருகிறேன் என்றான்.
பேரம் பேசாமல் ஏற்றித் தருகிற ஆள்!
அங்கேயே என் காது விடைத்திருக்க வேண்டும்.

"விளையாட்டோட பரிமாற்றப் பெட்டி வேணாம்ணே,
கமிஷன் புடிச்சிருவான்.
கழுகைப் பரிசா அனுப்பிருங்க.
பணம் போட்டாச்சு, பாருங்க."
படம் வந்தது.
பச்சை டிக். தொகை சரி. என் பெயரும் சரி.
நேரம் 4:52.
என் போனில் அப்போது மணி 4:47.

கூடவே இன்னொருவன் வந்தான்,
'விளையாட்டு நிர்வகம்' என்று பெயர் போட்டு.
பணம் வந்துவிட்டது, நாங்கள் பொறுப்பு என்றான்.
துணைக்கால் இல்லாத நிர்வாகம்
எதன்மேல் நின்று பொறுப்பேற்கும்?

இதெல்லாம் இப்போது சொல்கிறேன்.
அப்போது என் கட்டைவிரல்
'அனுப்பு'வின் மேல்தான் இருந்தது.

பக்கத்து லிஃப்ட்டை யாரோ கூப்பிட்டார்கள்.
'டக்' என்றது பேனல்.
எட்டு வருடமாகக் கேட்கிற சத்தம்.
கூண்டு வந்து தளத்தில் நின்றால்தான்
கதவின் பூட்டு விடும்.
காஞ்சூர்மார்க்கில் ஒரு கட்டடத்தில்
அவசரக்காரர்கள் அந்தப் பூட்டில்
துண்டுக் கம்பி சொருகி வைத்திருந்தார்கள்.
கதவு திறந்தது.
கூண்டு ஆறாவது மாடியில் இருந்தது.
பள்ளத்தில் டார்ச் அடித்தேன்.
ஒரு ஜோடிச் செருப்பு.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.

விரலை எடுத்து எழுதினேன்:
"தம்பி, பெட்டிக்கே வா.
நீ நாணயத்தை வை, நான் கழுகை வைக்கிறேன்.
ரெண்டும் வந்து நின்னாத்தான் கதவு."

"என்னண்ணே, தமிழனைத் தமிழனே நம்பலைன்னா..."
மூன்று புள்ளி.
நான் பதில் போடவில்லை.
பிறகு என் அம்மாவைத் திட்டினான்.
நல்ல கெட்டியான திட்டு, தெற்கத்தி வாசனையோடு.
அவன் தந்ததில் அது ஒன்றுதான் அசல்.
அடுத்த நொடி
கடலைமிட்டாயும் இல்லை, நிர்வகமும் இல்லை.

காவ்டே சொட்டச் சொட்ட வந்தான்.
ரிலே பெட்டியை வாங்கி
சீல் பிரித்து ஒட்டியதா என்று
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
"என்னையே சந்தேகப்படுறியா?" என்று
குடையை மூலையில் எறிந்தான்.
அவனிடம் என்னவென்று சொல்வது?

கழுகு தோளில்தான் இருக்கிறது.
இன்னும் விற்கவில்லை.
ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன்.
அன்றைக்கு 4:52 ஆனபோது
பணம் வந்திருக்கிறதா என்று
ஒருமுறை பார்த்தேன்.