ஒப்பீட்டு வரிசை

துரான்ஸ் ஆற்றோரம், வாடல் நோய் ஊறிய மண்ணில்
ஏழு வரிசை முலாம்பழம் நட்டோம்.
ஆறு வரிசைக்கு மருந்து.
ஏழாவதுக்கு வெறும் தண்ணீர்.
அது சாக வேண்டும்.
செத்தால்தான் மற்றவை
எதனால் பிழைத்தன என்று சொல்ல முடியும்.

மருந்து என்றது வாய்த்தவறு.
அதுவும் பூஞ்சைதான்.
கொல்லுகிற பூஞ்சையும் அதுவும் ஒரே குலம், ஒரே பெயர்.
நுண்ணோக்கியில் அதே பிறைவடிவ வித்து,
தட்டில் வளர்த்தால் அதே ரோஜா நிறம்.
இது கொல்லாது,
அவ்வளவுதான்.

"கொல்லாதது எப்படிக் காப்பாற்றும்?"
நிலத்துக்காரி ஒதெத் ரூவியேர் கேட்டாள்.
காரைக்கால் பேருந்து நிலையத்தை
பிரெஞ்சில் எப்படிச் சொல்ல?
வண்டி நிற்குமுன்னே சன்னல் வழியே
ஒரு துண்டு வந்து விழும்.
துண்டுக்குப் பல் இல்லை, நகம் இல்லை.
ஆனாலும் அந்த இருக்கையில்
இன்னொருவன் உட்கார்ந்து பார்க்கட்டும்!
வேர் நுனியில் கசியும் சர்க்கரை மேல்
இது முந்திப் போடும் துண்டு, மேடம்.

அவள் சிரிக்கவில்லை.
மிச்சமிருந்த வாளியை எங்கே வைப்பது என்று கேட்டாள்.
கொட்டகையில் என்றேன்.

ஜூனில் மிஸ்த்ரால் மூன்று நாள் அடித்து ஓய்ந்தபின்
ஏழாவதின் கடைசிக் கொடி
மதியம் தலை தொங்கி மாலையில் நிமிர்ந்தது.
மறுநாள் நிமிரவில்லை.
தண்டைக் குறுக்கே வெட்டினேன்:
உள்ளே தேநீர்க் கறை.
நோட்டில் 1 என்று எழுதும்போது
சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

திஜோன் போய்ப் பதினெட்டு நாளில் திரும்பினேன்.
ஒன்று ஒன்றாகவே இருந்தது.
மிச்சம் முப்பத்தொன்பது கொடியும்
இலைமேல் இலை போட்டுக்
காய்த்துக் கிடந்தன, வெட்கமில்லாமல்.

வேரைத் தட்டில் வைத்தேன்; ரோஜா நிறம்.
எந்த ரோஜா?
மரபணுச் சோதனைக்கு அனுப்பும் முன்
ஒதெத்தே வாய் திறந்தாள்.
நட்ட அன்று இரவே ஊற்றிவிட்டாளாம்.
"சாகவென்று ஒன்றை நட்டால்
எனக்குத் தூக்கம் வராது."
பிறகு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு:
"கடைசிக் கொடிக்கு வாளியில் இல்லை."

முப்பத்தொன்பது கட்டங்களை அடித்தேன்.
ஒரு வருடப் பணம், ஒரு வருடப் பயணம்.
ஒரு கொடி எதையும் நிரூபிக்காது,
புள்ளியியல் அப்படித்தான் சொல்கிறது.
அந்தக் குழியருகே கொஞ்ச நேரம்
நின்றிருந்தேன்.

கிளம்பும்போது ஏழாவதிலிருந்து ஒரு கூடைப் பழத்தை
முன்னிருக்கையில் தூக்கி வைத்தாள்.
யாரோ உட்கார்ந்திருப்பதாக நினைத்து
பெல்ட் போடச் சொல்லி
ஒராஞ்ஜ் நகரம்வரை கத்திக்கொண்டே வந்தது
வண்டி.