கடைவாய்ப் பல்

படிவத்தில் நான்கு வாரம் காலியாக இருந்தது.
விருப்பச் சுழற்சி என்று அதற்குப் பெயர்.
தூக்க ஆய்வகம் போகலாம், அலர்ஜிப் பிரிவு போகலாம்,
டொராண்டோவில் நுரையீரல் மாற்றுவதைப்
பின்வரிசையில் நின்று எட்டிப் பார்க்கலாம்.
நான் தெருவைத் தாண்டிப்
பெரியவர்கள் மருத்துவமனை என்று எழுதினேன்.
"அங்கே உனக்கென்ன வேலை?"
படிவத்தைத் திருப்பிப் பார்த்தார் மரியான்.
குழந்தைகளின் நுரையீரல் படிக்க வந்தவள்
நாற்பது வயதுக்காரர்களின் சளியில் எதைத் தேடுவாள்?

பதினெட்டு முடிந்ததும் கேக் வெட்டி
கோப்பைக் கட்டி, கைகுலுக்கி அனுப்புகிறோமே,
அந்தப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்
என்று பார்க்க வேண்டியிருந்தது.
பார்க்காமலே இரண்டு வருடமாக
"வளர்ந்ததும் சரியாகப் போகும்" என்று
மூச்சுக்கு முந்நூறு தரம் சொல்லியிருக்கிறேன்,
மூச்சு போதாதவர்களிடம்.

ஹாலிஃபாக்ஸில் பிப்ரவரி.
சாலையெல்லாம் உப்புத் தூவியிருந்தார்கள்.
காலணியில் உப்பு, கால்சட்டை விளிம்பில் உப்பு,
துறைமுகத்துக் காற்றில் உப்பு.
உள்ளே, வியர்வையில் உப்பு மிகுந்து பிறந்தவர்கள்
ஆளுக்கோர் அறையில் கதவடைத்து உட்கார்ந்திருந்தார்கள்.
ஒருவரின் கிருமி மற்றவருக்கு ஆகாது.
பிறந்தது முதல் ஒரே நோய்;
ஒரு நாளாவது ஒரே மேசையில் காப்பி குடித்ததில்லை.

மூன்றாம் அறையில் லைல் பூத்ரோ, நாற்பத்து மூன்று.
சிங்கி இறால் படகுகளுக்குக் கணக்கு எழுதுகிறவர்.
ஊது ஊது ஊது, இன்னும், இன்னும், இன்னும்,
வாய்ப் பழக்கத்தில் கத்திவிட்டேன்.
திரையில் மெழுகுவர்த்தி உண்டா, அணைக்க வேண்டுமா
என்று கேட்டுச் சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார்.
அறுபத்திரண்டு சதவீதம்.
மாத்திரை வருவதற்கு முன்னால் நாற்பத்தொன்று.

வேறென்ன தொந்தரவு என்றேன்.
வாயைத் திறந்து காட்டினார்.
கீழ் வரிசையில் இடப்பக்கம் வெறும் ஈறு.
"பத்தைத் தாண்டமாட்டான் என்று அம்மாவிடம் சொன்னார்கள்.
அப்புறம் இருபது என்றார்கள். அப்புறம் முப்பது.
போகப்போகிறவனுக்குப் பல் எதற்கு?
யாரும் அனுப்பவில்லை, நானும் போகவில்லை.
ஓய்வுக்காலத்துக்கு என்று ஒரு டாலர் சேர்க்கவில்லை.
இப்போது பார், வசமாக மாட்டிக்கொண்டேன்."
குறை சொல்கிறாரா, பெருமையடிக்கிறாரா,
குரலை வைத்துப் பிரிக்க முடியவில்லை.
பல் மருத்துவரின் பெயர் ஒன்று கேட்டார்.
எனக்கு ஒருவரையும் தெரியவில்லை.

ஐந்தாம் அறையில் கேட்ரியோனா, இருபத்து நான்கு.
அவள் மரபணுவுக்கு அந்த மாத்திரை பொருந்தாது.
கைபேசியைப் பார்த்துக்கொண்டே ஊதினாள்.
முப்பத்து மூன்று.
பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள்.
அவ்வளவுதான், எழுத வேண்டியதை எழுதினேன்.

மார்ச்சில் திரும்பி வந்தேன், தெருவுக்கு இந்தப் பக்கம்.
சுவரில் திமிங்கலம், பெட்டி நிறைய ஒட்டுப்படம்,
திரையில் அணையக் காத்திருக்கும் ஏழு மெழுகுவர்த்தி.
'கற்றுக்கொண்டவை' என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லி
மரியான் இரண்டு தடவை ஞாபகப்படுத்திவிட்டார்.

ஹர்நூருக்கு ஆறு வயது.
அவளுடையதும் பட்டியலில் இல்லாத மரபணுதான்.
இருமலுக்கு இடையில் வாயைப் பிளந்து
"புதுசு!" என்று விரலால் தொட்டுக் காட்டினாள்.
விளக்கடித்துப் பார்த்தேன்.
பால் பல் எதுவும் விழாமல், எல்லாவற்றுக்கும் பின்னால்,
யாரையும் கேட்காமல் எட்டிப் பார்க்கிறது
ஒரு கடைவாய்ப் பல்.
ஏற்கெனவே லேசாக ஒரு பழுப்புக் கோடு.

நெஞ்சைக் கேட்டேன், எடையைக் குறித்தேன்,
பல் மருத்துவருக்கு ஒரு கடிதம் அடித்தேன்.
"விழுகிற பல்தானே, டாக்டர்?" என்றாள் தாய்.
"இல்லை. இது கூடவே இருக்க வேண்டிய பல்."
எத்தனை வருடத்துக்கு என்று அவள் கேட்கவில்லை.
கோட்டை மாட்டிவிட்டு, மகளின் கையுறையைத்
தேடிக்கொண்டிருந்தாள்.
ஜூன் பதினொன்று, காலை ஒன்பதே கால் என்றேன்.