நூற்றித் தொண்ணூற்றொரு வோல்ற்

குருநகர், ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால்
வலை அடுக்கும் அறை.
யூஜினைச் சுவர் பார்த்து இருத்தினோம்.
ஒரே கிற்றார், ஒரே வயர்,
ஒரே மூன்று சுரம், என் ஒரே கை.
எந்தப் பெட்டி பேசுகிறதென்று அவனுக்குத் தெரியக்கூடாது.
தெரிந்தால் காது விலையைத்தான் கேட்கும்.

முதலாவது ஸ்காபறோவிலிருந்து
நாலு மாதம் கப்பலில் கிடந்து வந்தது.
நூற்றிருபது வோல்ற்றுக்குப் பிறந்த பிள்ளை.
எங்கள் கரண்டைக் குடிக்க
அதற்கொரு ட்ரான்ஸ்போமர் வேண்டும்,
பெட்டியை விட அது பாரம்.
நரம்பைத் தொட்டேன்.
கழுவிக் கவிழ்த்த கிளாசில் நகம் பட்ட சத்தம்.
"நல்ல வடிவு," என்றான் யூஜின்,
"ஆனா கிட்ட வருகுதில்லை.
பொம்பிளை பாக்க வந்தவை கதைக்கிற மாதிரி."

இரண்டாவது வெள்ளவத்தையில்
கலைந்துபோன ஹோட்டல் பாண்டிடம் வாங்கியது.
மூடியில் யாரோ சிகரெட் நூர்த்த தழும்பு.
அடித்ததும்
மீன் பெட்டியைச் சீமெந்தில் இழுத்தது போல்
நடுவயிற்றில் ஒரு முறுமுறுப்பு.
"கோபம் கிடக்கு. ஏனெண்டுதான் தெரியேல்லை."

மூன்றாவது டொமினிக்கா கட்டியது.
போட்களின் மீன் காட்டும் மெசின் திருத்துகிறவள்.
பழைய கோயில் ஒலிபெருக்கியின் தகரச் சட்டம்,
விரல் பருமனில் இரண்டு வால்வு.
அவை சிவக்கும்வரை
சும்மா நிற்க வேண்டியிருந்தது.
யூஜின் உடனே சொன்னான்:
"இது ஆர்? தொண்டை கட்டியிருக்கு."
அவள் முகம் மாறாமல் கொப்பியில் எழுதினாள்:
மூன்று மணி பத்து. 231. தொண்டை கட்டு.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.
பிளேன்ரீ குடித்தோம்.
ஓட்டோவில் ஒன்றுக்குத்தான் இடம்,
ஸ்காபறோக்காரன் என்று பேச்சு.

ஆறே முக்கால்.
பல்ப் மஞ்சளாகி, பிறகு பழுத்தது.
சும்மா, கை அரிப்பில்,
செருகியிருந்த மூன்றாவதில் ஒரு சுரம் போட்டேன்.
அது அடியை வாங்கி
ஒரு காலடி பின்னுக்குப் போய்
நிதானமாய் நெஞ்சு நிமிர்த்தி வந்தது.
விரலை எடுத்த பிறகும்
வாசலில் நின்றுகொண்டிருந்தது.
யூஜின் திரும்பிவிட்டான்.
திரும்பக்கூடாது என்பதுதான் சட்டம்.
"இப்ப என்னத்தை மாத்தினனி?"
நான் ஒன்றையும் தொடவில்லை.
டொமினிக்கா மீற்றரைச் செருகிப் பார்த்தாள். 191.
"ஊர் சோறு வைக்குது," என்றாள்.

அப்போதுதான் விளங்கியது,
குருநகரின் அத்தனை குக்கரும் நீர்மோட்டரும்
நாளை போடப்போகும் சேட்டுகளின் அயனும்
என் ஒரு சுரத்தின் அடிவயிற்றைப் பிடித்து
கீழே இழுத்துக்கொண்டிருந்தன.
மற்ற இரண்டையும் ஓடி ஓடிச் செருகினேன்.
வெள்ளவத்தை சேற்றில் புதைந்தது.
ஸ்காபறோ முதல் தடவையாக
எங்கள் வீட்டுக்காரன் மாதிரிக் கதைத்தது.

விடுவேனா?
இரவு பதினொன்றரை மட்டும் காத்திருந்தோம்.
ஊர் படுத்துவிட்டது. 243.
இப்போது டொமினிக்காவின் பெட்டி
தோடம்பழத் தோலைக் கண்ணுக்குள் பிழிந்தது.
காலையில் காரணமில்லாமல் கோபித்த வெள்ளவத்தை
அந்தக் கோபத்தைத் தணித்து, பதமாய்,
ஒவ்வொரு நரம்பையும் தனித்தனியே பெயர் சொல்லி அழைத்தது.

அவள் கொப்பியில்
பெட்டிகளின் பெயரை வெட்டிவிட்டு
நேரங்களை மட்டும் விட்டாள்.
"எனக்கு மறுமொழி வேணும்," என்றேன்.
"நாளைக்குக் கலியாணம் எத்தினை மணிக்கு?"
"பின்னேரம் ஏழு. கொழும்புத்துறை."
"லைன் கரண்டோ?"
"இல்லை. ஜெனரேட்டர்."
அன்று முழுக்கச் சிரிக்காதவள்
வலைக் குவியலில் சாய்ந்து சிரித்தாள்.

மூன்றையும் ஏற்றினோம்.
யூஜின் மடியில்
ட்ரான்ஸ்போமர்.