இரவல் நாள்

பகாவ் பசார் மாலாமில்
பதினெட்டு வெள்ளிக்கு வாங்கிய
பிளாஸ்டிக் மரத்தை
இரண்டாகக் கழற்றி
அரிசிச் சாக்கில் திணிக்கிறார் சூசைமாணிக்கம்.

புதுச் சபையில் சொன்னார்களாம்:
இருபத்தைந்து, சூரியனைக் கும்பிட்டவர்கள் நாள்.
மரம் அஞ்ஞானிகளுடையது.
இயேசு பிறந்த தேதி எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை.

இருக்கட்டும்.
அந்தத் துண்டுத்தாளை நானும் படித்தேன்,
செம்பனை ஆலைச் சங்கு ஊதுவதற்குள்
இரண்டு தடவை.
முழுக்கப் பொய் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆனால் மனுசா,
பிறந்தது யாரோ ஒருவர் தொழுவத்தில்.
ஊருக்குள் வந்தது யாருடையதோ கழுதைமேல்.
கிடத்திய கல்லறைகூட
இன்னொருத்தர் தனக்கென்று வெட்டி வைத்தது.
நாள் மட்டும் சொந்தமாகக் கிடைத்திருக்குமா
அவருக்கு?

பதில் இல்லை.
சாக்கின் வாயை ராஃபியா கயிற்றால் கட்டுகிறார்.

குடில் மிச்சம்.
போன வருசம் கால் உடைந்த மாட்டுக்குப் பதிலாக
பக்கத்து வீட்டுத் தவமலர் மகன்
கொண்டுவந்து வைத்தது அதில் நிற்கிறது,
கொம்பில் மஞ்சளும் நீலமும்,
நெற்றியில் குங்குமம்,
மாட்டுப் பொங்கல் மாடு.
குழந்தைமேல் மூச்சு விடுகிற தூரத்தில்.

கை நீட்டினார்.
அப்படியே நின்றார்.

பிறகு சாக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே போனவர்
குப்பைத் தொட்டியைத் தாண்டி
கொட்டகையில்
மழை படாத மூலையாகத் தேடினார்.