பாலாறு என்று பெயர் வைத்தேன்

இரண்டு தேர்வுகள் இருந்தன.
ஒன்றுக்கு ஒரே தாள், கட்டணம் குறைவு,
ஒருமுறை தேறினால் ஆயுளுக்கும் செல்லும்.
மற்றதற்கு இரண்டு தாள்,
இரண்டுக்கும் தனித்தனிப் பணம்,
ஐந்தாம் வருடம் காலாவதி.

அட்டையைத் திருப்பித் தேதி பார்த்தே
ஆறு வருடம் சம்பளம் வாங்கியவள் நான்.
காலாவதி ஆகாத பொருளை எப்படி நம்புவது?
ஆஸ்பத்திரிக்கு எதிரே எங்கள் கடையில்
பஞ்சுக்குக்கூடத் தேதி உண்டு.

"பெருசாவே எழுது விண்ணரசி,
சின்னதை எவன் மதிப்பான்?" என்றான் கஜபதி.
கஜபதி எந்தத் தேர்வும் எழுதியதில்லை.
பில் புத்தகத்தின் பின்னட்டையில் கணக்குப் போட்டேன்.
பெரியதென்றால் சீட்டுப் பணம் முழுசாய்ப் போகும்,
சின்னதென்றால் தீபாவளிப் புடவை மட்டும்.
புது மருந்தைக் குறைந்த அளவில்தானே தொடங்குவார்கள்.

மடிக்கணினி காட்பாடியில் வாங்கியது, பழசு.
அதில் ஒரு விசையைத் தொட்டால் போதாது,
குத்த வேண்டும்.
விண்டோஸ் அதில் மூச்சு வாங்கியது.
அழித்துவிட்டு லினக்ஸ் ஏற்றிய ஞாயிற்றுக்கிழமை
அது கேட்டது: இந்த இயந்திரத்துக்கு என்ன பெயர்?
பாலாறு என்று வைத்தேன்.
விருதம்பட்டிலிருந்து தினம் இரண்டு முறை
மணலையும் முள்செடியையும் பார்த்தபடி
பாலம் தாண்டுகிறவள் வேறென்ன வைப்பாள்?
இப்போது 'டாப்' என்று தட்டினால்
பாலாற்றில் ஓடுவது ஒன்று,
தூங்குவது நூற்றுப் பதிமூன்று என்கிறது.
அதுவும் சரிதான்.

வங்காளம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
மால்தாவிலிருந்தும் அசன்சோலிலிருந்தும் வந்து
லாட்ஜில் தங்கிச் சீட்டை நீட்டுபவர்களிடம்
கோத்தோ, எக்டா, காபார் பொரே,
எவ்வளவு, ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு
என்று மூன்றில் தொடங்கினேன்.
இங்கேயும் மூன்று.
எல்எஸ்: என்ன இருக்கிறது.
சிடி: உள்ளே போ.
பிடபிள்யூடி: நான் எங்கே இருக்கிறேன்.
ரயிலிறங்கி எங்கள் தெருவுக்கு வருகிறவர்கள்
முதலில் கேட்பது அந்தக் கடைசியைத்தான்.

அனுமதிகள் பாடம் எளிதாக இருந்தது.
படிக்க நான்கு, எழுத இரண்டு, இயக்க ஒன்று.
கல்லாப்பெட்டிக்கு முதலாளி ஏழு,
அவர் மருமகன் ஆறு,
நான் நான்கு: பார்க்கலாம்.
வீட்டில் என் சம்பளத்துக்கு நான் என்ன எண்
என்று எழுதிப் பார்த்து
அழித்துவிட்டேன்.

டார் கட்டளையின் எழுத்துகள்தாம்
வரிசையில் நிற்க மறுக்கின்றன.
மாதிரித் தேர்வில் நாற்பதுக்கு இருபத்து மூன்று.

பழக நாளானது அதன் மௌனம்.
கோப்பை நகர்த்தினால், சரியாக நகர்ந்தால்,
ஒன்றும் சொல்லாது.
தவறினால்தான் வாய் திறக்கும்.
முதல் வாரமெல்லாம் நான் நம்பாமல்
திரும்பத் திரும்ப எட்டிப் பார்த்தேன்,
போய்ச் சேர்ந்ததா என்று.

எங்கள் தெருவில் மௌனத்துக்கு அந்தப் பொருள் இல்லை.
நேற்று ஏழு மணிக்கு மால்தாக்காரர் வந்தார்.
பிரிக்காத மூன்று ஊசி மருந்தை
மேசைமேல் வைத்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
பில் கேட்க வேண்டும், அது விதி.
முதலாளியிடம் கேட்க வேண்டும், அதுவும் விதி.
நான் தேதி மட்டும் பார்த்தேன்.
இன்னும் பதினான்கு மாதம் இருந்தது.
கல்லாவைத் திறந்து முழுசாய் எண்ணிக் கொடுத்தேன்.
நான்கால் முடிகிற காரியமில்லை அது.
கஜபதி பார்த்தான், பேசவில்லை.

சனிக்கிழமை தேர்வு.
விடியுமுன் சென்னைக்கு ரயில்.
இரவு மின்சாரம் போய்த் திரையின் வெளிச்சத்தில்
டாலரையும் கேள்விக்குறியையும் சேர்த்துத் தட்டினேன்:
கடைசியாகச் செய்தது சரியாக முடிந்ததா?

சுழியம் என்றது.
பிழை இல்லை என்று பொருள்.

பாலத்தின்மேல் ஒரு லாரி போகும் சத்தம்.
டாரை மறுபடி
முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.