பரமண்டல ஜெபத்தில் ஓர் இருமல்

இரவு எட்டரைக்கு எங்கள் வீட்டில் ஜெபம்.
டிவியை அணைத்து, கொசுவத்தி கொளுத்தி,
கஞ்சி வடியப் பானையைச் சாய்த்துவிட்டு நான் வருவேன்.
இவர் கண்ணை மூடித் தொடங்குவார்.
அனுதின அப்பம் வரை
வாய்க்கால் நேராக ஓடும்.
அப்புறம் ஓர் இருமல்.
இருமி முடித்தால் சோதனைக்கு வந்திருப்பார்.
கடன் என்ற சொல் இருந்த இடத்தில்
மண்ணைக் கொத்திப் போட்டு
மடையை அடைத்தாயிற்று.

பதினான்கு மாதம்.
அதிமதுரம் கொடுத்துப் பார்த்தேன்.
சீர்காழி டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து
நெஞ்சு சுத்தம் என்றார்.
நான் சிரிக்கவில்லை.

தம்பி ஆரோன் வாங்கிப் போனது மூன்று பவுன்.
சீட்டுப் பிடித்து எங்கம்மா போட்ட சங்கிலி.
"போர் இறக்கணும் அண்ணி,
குறுவை முடிஞ்சதும் மீட்டுத் தர்றேன்."
இருநூறு அடியில் உப்புத்தண்ணி வந்தது.
குறுவை முடிந்தது, சம்பாவும் முடிந்தது,
மயிலாடுதுறை அடகுக்கடையில்
வட்டி மட்டும் விளைந்தது.
ரசீது என் வேதாகமத்தில் இருக்கிறது,
லேவியராகமம் இருபத்தைந்தில்,
யாரும் புரட்டாத பக்கம் என்று வைத்தேன்.

ஆரோனின் வயல் எங்களுக்குக் கீழே.
அதற்குக் கீழே சவுக்கு, அப்புறம் கடல்.
மேட்டூர் திறந்த படம் பேப்பரில் வந்து,
அந்தப் பேப்பரில் பஜ்ஜி மடித்துத் தின்றும் ஆன பிறகு
எட்டிப் பார்க்கிற தண்ணீர்
எங்களைத் தாண்டித்தான் அவனுக்குப் போகணும்.
போகவிட்டார். அதில் குறை சொல்ல முடியாது.
தண்ணீரை விட்டார்,
ஒரு வார்த்தை விடவில்லை.
வரப்பில் எதிரெதிரே வந்தால்
அண்ணனும் தம்பியும் மேகம் பார்ப்பார்கள்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு,
பொறையாரில் ஞாயிறு பள்ளி ஆண்டுவிழா.
என் மகன் ஆசேர், ஒன்றாம் வகுப்பு,
எண்ணெய் வழியும் நெற்றியோடு
மைக்கை முத்தமிடுகிற மாதிரி நின்று
பரமண்டல ஜெபம் சொன்னான்.
அனுதின அப்பம் வரை பிசகில்லை.
பிறகு கையை மடக்கி வாயில் வைத்து
அப்பாவைப் போலவே
இரண்டு தரம் இருமினான்.
நேரே சோதனைக்குள் போய்விட்டான்.

சபை சிரித்தது.
பாவம், சளி என்றார்கள் ஆயரம்மா.
மூன்றாவது பெஞ்சில் இவர்
பாட்டுப்புத்தகத்தின் முதுகைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.
தூணோரம் ஆரோன்.
அவன் ஒருவன்தான் சிரிக்கவில்லை.
அவன் சட்டைக் காலரைத்
திருப்பிப் போட்டுத் தைத்திருந்தது.

பைக்கில் திரும்பும்போது
நடுவில் பிள்ளை, அவன் மடியில் பரிசு டிபன் பாக்ஸ்.
நண்டலாற்றுப் பாலம் ஏறுகையில் உறைத்தது:
சங்கிலி என்னுடையது,
இருமல்தான் அவருடையது.
தம்பியை அவர் எப்போதோ மன்னித்திருக்கலாம்.
என் பொருளை என்னைக் கேட்காமல்
கடவுளிடம் எப்படித் தள்ளுபடி செய்வார்,
பக்கத்தில் நான் உட்கார்ந்து
மூடிய கண்ணுக்குள்
இருபத்துநாலு கிராமை
இன்றைய விலையால் பெருக்கிக்கொண்டிருக்கும்போது?

அன்றைக்கும் எட்டரை.
அன்றைக்கும் அனுதின அப்பம்.
இருமல் வந்தது.
அந்த இடைவெளியில்
அந்த வரியை நான் எடுத்தேன்.
முழுதாக இல்லை,
கடனாளிகள் என்கிற இடத்தில் குரல் போய்விட்டது.
கை தானாகக் கழுத்துக்குப் போய்
ஒன்றுமில்லாததைத் தடவித் திரும்பியது.
மிச்சத்தை அவர் பிடித்துக்கொண்டார்,
கண்ணைத் திறக்காமல்.

ஆசேர்தான் திறந்தான்.
"அங்க வார்த்தை இருக்காம்மா?"

இருக்கு, கண்ணை மூடு என்றேன்.

ரசீதை இன்னும் கிழிக்கவில்லை.
வியாழக்கிழமை ஏல நோட்டீஸ் வந்தது,
அதையும் அதே பக்கத்தில் வைத்தேன்.
இவர் இப்போதும் இருமுகிறார்,
இருமிவிட்டு
என் பக்கம் கொஞ்சம் திரும்பிக்
காத்திருக்கிறார்.