குடும்பம்: தெரியவில்லை

வாரத்தில் ஆறு நாள்
இரத்தக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டுகிறேன்.
ஏழாம் நாள் மரங்களுக்கு.

காட்பாடிக்கு வடக்கே
கல் உடைத்துக் கைவிட்ட பள்ளத்தின் கரையில்
எங்கள் தாவரத் தோட்டம்.
ஐந்து பேர், ஒரு கடப்பாரை, இரண்டு வாளி,
பெயின்ட் டப்பாவை வெட்டி நிமிர்த்திய தகரங்கள்.

எத்திராஜுலு கூட்ஸ் வண்டி கார்டாக இருந்தவர்.
தண்ணீர் லாரி வளைவில் திரும்பும்போது
இன்னமும் அவர் வலது கை தானாக உயர்கிறது
பச்சைக் கொடி பிடித்தாற்போல்.
நஸ்ரீனுக்கு மேல்விஷாரம்.
ஷூ கம்பெனியில் தையல் பிசகைக் கண்டுபிடிக்கும் வேலை.
இலையைத் திருப்பி நரம்பைப் பார்த்து,
"வெப்பாலை. உடைச்சா பால் வரும்" என்பாள்.
உடைத்தோம்.
வந்தது.

உசில், ஆச்சா, கருங்காலி, குமிழ்.
ஆணி அடிப்பதில்லை. கம்பியில் கட்டுகிறோம்,
மரம் பருக்குமே என்று
ஒரு சுற்று மிச்சம் விட்டு.

பம்ப் ஷெட்டுக்குப் பின்னால் ஒன்று மட்டும்
எதிலும் சேரவில்லை.
இலை ஒரு புத்தகத்தில் இருந்தது,
பட்டை வேறு புத்தகத்தில்.
பூக்கட்டும் என்றார்கள்.
நாலு வருஷம் பூக்கட்டும் என்று ஊற்றினோம்.
இந்தக் கத்திரியில், பாறை தொட்டால் சுடும் ஒரு காலை,
கைப்பிடி அளவு வெளிர்மஞ்சள் கொத்து.
நஸ்ரீன் போனுக்கு சார்ஜ் ஏற்றிவிட்டு வருவதற்குள்
வேலியில் புகுந்தது ஆடு.
திட்டினோம்.
மென்றுகொண்டே கேட்டது.

அன்றைக்குத்தான் அவர் வந்தார்.
காந்தி ரோட்டு லாட்ஜில் தங்கல்,
மனைவி வார்டில்,
ரிப்போர்ட் வர நாலு நாள்.
தோளில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு.
கேட்காமலே வாளியை எடுத்தார்.
முப்பது நடை.
பிறகு அந்த மரத்தைத் தட்டி ஒரு சொல் சொன்னார்,
ஊரில் தெரிந்தவனைச் சந்தையில் பார்த்தவர் போல.
மூன்று தடவை சொல்லச் சொன்னேன்.
மூன்றும் வேறாகக் கேட்டது.
தொடக்கம் ஒரு 'ப'.
நம்மிடம் இருக்கும் ஒரே 'ப'வுக்குள்
அவருடையது எந்தப் 'ப' என்று புரியவில்லை.
பென்சிலால் எழுதிக்கொண்டேன்.
அவர் பெயரையும் கேட்டேன்: மண்டல்.

திங்கட்கிழமை ரேக்கில்
மண்டல், மண்டல், பிஸ்வாஸ், மண்டல்.
பெண், 46. பெண், 31. பெண், 58.
எது என்று தேட ஒரு நிமிஷம் போதும்.
தேடக் கூடாது.
சுழலும் எந்திரத்தில் எதிரெதிராக அடுக்கி
மூடியை அழுத்தினேன்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை.
அதற்கடுத்ததும்.
ஹவுரா வண்டி காட்பாடியில் எத்தனை நிமிஷம் நிற்கும் என்று
யாரும் கேட்காமலே சொன்னார் எத்திராஜுலு.
சொல்லிவிட்டுக் களை பிடுங்கப் போனார்.

பெயர் (பென்சிலில், சந்தேகத்தோடு): ப...
குடும்பம்: தெரியவில்லை.
பூ: கத்திரியில். ஒரு காலை மட்டும் பார்த்தோம்.
பயன்: ஆடு தின்னும்.

நஸ்ரீன் தகரத்தை வெளிச்சத்தில் சாய்த்து
விளிம்பு விளிம்பாகப் பார்த்தாள்.
மை வாங்கி வந்து ஒழுங்காக எழுதட்டுமா என்றேன்.
"வேணாம், கட்டு.
மழைல மைதான் ஓடும்.
பென்சில் நிக்கும்."